வானம் பார்த்த கேமரா

எங்கள் பஸ் டிப்போவுக்கு நாற்பது கேமராக்கள் வந்து இறங்கிய அன்று, பாதுகாப்பு அதிகாரி முதல் பெட்டியைத் தன் கையாலேயே பிரித்தார். எதற்கெடுத்தாலும் ‘நூத்துக்கு நூறு’ என்பது அவர் வழக்கம், அதனால் எங்களிடம் அவருக்கு அதுவே பெயர். உள்ளே சோப்புக்கட்டி அளவில் ஒரு கேமராவும் அதைத் தாங்க ஒரு பிடியும் இருந்தன. பிடியின் அடித்தட்டை பஸ்ஸின் முன்கண்ணாடியில் உட்புறமாகப் பசை போட்டு ஒட்டவேண்டும். அதிலிருந்து நீளும் சின்னக் கையில் இரண்டு திருகுகள். ஒன்றைத் தளர்த்தினால் கேமரா மேலும் கீழும் அசையும், மற்றதைத் தளர்த்தினால் இடமும் வலமும் திரும்பும். கண்ணாடி எவ்வளவு சாய்ந்திருந்தாலும் கேமராவை வேண்டிய கோணத்தில் வைத்துக்கொள்ளலாம், இந்த வசதிக்காகவே இதைத் தேடிப் பிடித்து வாங்கினோம் என்றார் நூத்துக்கு நூறு. சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொரு உத்தரவும் போட்டார். பொருத்தி முடித்ததும் இரண்டு திருகுகளின் மீதும் டிப்போ முத்திரை குத்திய காகிதத்தை ஒட்டிவிட வேண்டும், பிறகு யாரும் அசைக்கக் கூடாது. அசையும் என்பதற்காக வாங்கிய சாமானை அசையாமல் காப்பாற்றும் பொறுப்பு ஃபிட்டரான என் தலையில் விழுந்தது. முத்திரையும் காகிதமும் என் மேசை இழுப்பறைக்கு வந்து சேர்ந்தன.

கேமராவின் வேலை, முன்னால் போகும் வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்ப்பது. படத்தில் அந்த வண்டி எவ்வளவு கீழே தெரிகிறதோ அவ்வளவு பக்கத்தில் இருப்பதாக அது கணக்குப் போடும். ரொம்பப் பக்கம் என்று தோன்றினால் கீச்சென்று கத்திவிட்டு, டிரைவர் பெயரில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். மாதக் கடைசியில் புள்ளிப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் தொங்கும். இரண்டு மாதம் தொடர்ந்து நூறு புள்ளியைத் தாண்டியவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, கேட்டில் நின்று போகிற வருகிற பஸ்ஸின் எண்ணை எழுத வேண்டியதுதான்.

கூடவே ஒரு கையேடும் வந்தது. அதை ஐந்தாம் பக்கத்திலிருந்து படித்தேன். முதல் நாலு பக்கத்தில் ‘எங்கள் பொருளை வாங்கியதற்கு நன்றி’ என்றும் ‘விழுங்க வேண்டாம்’ என்றும்தான் இருக்கும் என்பது என் பத்தொன்பது வருட அனுபவம். ஐந்தாம் பக்கம் சொன்னபடி ஒரு பலகையில் கேமராவின் உயரத்துக்குக் குறி வரைந்து, பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தி, குறி படத்தின் நடுவில் வரும்வரை திருகைச் சரிசெய்தேன். கூரையும் வெளிச்சமும் இருந்த ஒரே இடம் பஸ் கழுவும் கொட்டகை. நாற்பது பஸ்ஸையும் அங்கேயே நிறுத்தி முடித்தேன். ‘நூத்துக்கு நூறு’ என்றார் அதிகாரி.

கேமராக்கள் கத்த ஆரம்பித்தன. எல்லா பஸ்ஸிலும் கத்தின. முதலில் என்னிடம் வந்தவர் கும்பகர்ணன். பஸ் நிலையத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் ஆறு நிமிடம் தூங்கக்கூடிய டிரைவர். ஓட்டும்போது மனுஷனுக்கு நிம்மதி வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்வியாகப் பட்டது. முத்திரையைக் கிழித்து, திருகைத் தளர்த்தி, கேமராவை ஆகாயத்தைப் பார்க்கத் திருப்பி, புதுக் காகிதம் ஒட்டி முத்திரை குத்தினேன். நாலே நிமிட வேலை. மேகங்கள் எவ்வளவு நெருங்கி வந்தாலும் கேமரா கவலைப்படுவதில்லை. அடுத்து, நாலு மாதத்தில் ஓய்வுபெறப்போகிற ஒருவர் வந்தார், கடைசிக் காலத்தில் கெட்ட பெயர் வேண்டாம் என்றார். இன்னொருவருடைய மனைவி எங்கள் ஆபீஸிலேயே வேலை பார்க்கிறாள். பட்டியலைத் தட்டச்சு செய்பவளே அவள்தான். அவர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கோ இளகிய மனசு. ஒரு மாதத்துக்குள் முப்பத்தொன்பது கேமராக்கள் வானம் பார்த்தன.

நாற்பதாவது என் அக்காவுடையது.

அக்கா பதினேழாம் எண் பஸ்ஸை ஓட்டுகிறாள். பதினொரு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மச்சான் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பு போய் இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். அந்த ஸ்டியரிங்தான் வீட்டில் உலை வைக்கிறது. ஷிப்ட் முடிந்தால் மருந்துக்கடை, மருந்துக்கடை விட்டால் வீடு என்று ஓடுகிறவள், டிப்போவில் நின்று நாலு வார்த்தை பேசமாட்டாள். ஆகவே கேமராக்கள் திரும்பிய கதை அவளுக்குத் தெரியாது. கூடப் பிறந்தவன் ஃபிட்டராக இருக்கும்போது முதல் வேலையே அவளுடையதாகத்தான் இருந்திருக்கும் என்று நினைத்து மற்றவர்களும் அவளிடம் வாயைத் திறக்கவில்லை.

அவள் கேமராவை நம்பினாள். அது கத்தியதும் வேகத்தைக் குறைத்துப் பின்வாங்குவாள். கிடைத்த இடைவெளியில் ஒரு கார் புகும். கேமரா மறுபடி கத்தும், அவள் மறுபடி பின்வாங்குவாள். இப்படியே ஊரில் உள்ள அத்தனை வண்டிக்கும் வழிவிட்டு, பஸ் தாமதமாகி, பயணிகளிடம் வசையும் வாங்கி, மாதக் கடைசியில் நூற்று நாற்பது சிவப்புப் புள்ளியோடு வந்து நின்றாள்.

பட்டியல் தொங்கிய அன்று மத்தியானம் பட்டறைக்கு வந்தாள். பக்கத்தில் இரண்டு டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், அந்தக் கேமராவைக் கொஞ்சம் வந்து பாரேன். முன்னாடி வண்டி எங்கேயோ போகுது, இது பக்கத்துல இருக்குற மாதிரி கத்துது" என்றாள்.

திருப்பச் சொல்லவில்லை, பார்க்கத்தான் சொன்னாள். எழுந்து போயிருந்தால் பத்து நிமிடம் ஆகியிருக்கும். ஆனால் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களே. எனக்குள் எங்கிருந்தோ ஒரு அரிச்சந்திரன் எழுந்தான்.

"அக்கா, வேலைன்னா வேலை. கூடப் பொறந்தவன்னு நான் கை வச்சா நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க? முத்திரை குத்தினது குத்தினதுதான்."

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தாள். சரிடா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஃபிட்டர் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று அந்த இருவரும் மெச்சிக்கொண்டார்கள். அந்த இரண்டு பேர் கேமராவையும் போன வாரம்தான் வானத்தைப் பார்க்கத் திருப்பியிருந்தேன். இருந்தும் அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது. அன்று முழுவதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே நடந்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இரண்டாம் மாதம் சிறந்த பாதுகாப்பு டிரைவர் சான்றிதழ் கும்பகர்ணனுக்குக் கிடைத்தது. மாதம் முழுவதும் அவருக்கு முன்னால் ஒரு வண்டிகூடப் போகவில்லை என்றது கேமரா. நகரின் நடுவே, காலை நெரிசலில், ஒரு வண்டிகூட. பூஜ்யம் அழகான எண் என்பதால் நூத்துக்கு நூறு அதைக் கேள்வி கேட்கவில்லை. கைதட்டும்போது கும்பகர்ணனை எழுப்ப வேண்டியிருந்தது. அதே பலகையில், இருநூற்றுப் பத்துப் புள்ளிக்காக அக்கா மறுநாள் பத்து மணிக்கு விசாரணைக்கு வரவேண்டும் என்ற காகிதமும் தொங்கியது.

அன்று சாயங்காலம் கொட்டகையில் ஒரு பஸ்ஸின் பின்விளக்கைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். டார்ச்சின் பேட்டரி கைதவறி விழுந்து, உருண்டு, பஸ்ஸின் அடியில் முழு நீளமும் ஓடி, முன்பக்கச் சாக்கடைக் கம்பியில் போய் முட்டியது. நான் அப்படியே நின்றுவிட்டேன். பஸ் கழுவுகிற தண்ணீர் இத்தனை வருடமாக அந்தச் சாக்கடைக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்கு வழி தெரியும் என்று நினைத்திருந்தேன் போலிருக்கிறது. சாய்வு பார்க்கும் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தேன். குமிழி ஒரு ஓரத்துக்கு ஓடியது. கையேட்டின் நாலாம் பக்கத்தைப் புரட்டினேன். முதல் வரியே ‘வண்டியைச் சமதளத்தில் நிறுத்தவும்’ என்றது.

பலகை நின்றதோ சாக்கடைக்கு அப்பால், மட்டமான தரையில். மூக்கு தாழ்ந்து நின்ற பஸ்ஸில் அந்தக் குறியை நேராகப் பார்க்கும்படி கேமராவை வைத்திருக்கிறேன். சாலையில் பஸ் நிமிரும்போது கேமராவும் தலையைத் தூக்கிக்கொள்ளும். தூக்கினால் முன்னால் போகிற வண்டி படத்தில் கீழே இறங்கிவிடும், பக்கத்தில் இருப்பதாகக் கணக்கு வரும். அக்காவின் இருநூற்றுப் பத்துப் புள்ளியும் நான் வைத்தவை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். குழி பறித்தவன் நான், எட்டிப் பார்க்கச் சொன்னபோது மாட்டேன் என்றவனும் நான்.

மறுநாள் விசாரணை அறைக்கு ரசமட்டத்தோடு போனேன். அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கேட்டுக்கு மாற்றும் உத்தரவு ஏற்கெனவே தயாராகிக் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நான் தரைச் சாய்வைச் சொன்னேன், நாலாம் பக்கத்தைக் காட்டினேன், தப்பு என்னுடையது என்றேன். அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் வந்த நிம்மதியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

நூத்துக்கு நூறு பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பேனா மூடியைத் திறந்தார்.

"தரை சாய்வுன்னா நாப்பது வண்டியும் கத்தணும்யா. இது ஒண்ணு மட்டும் ஏன் கத்துது? ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம். அக்காவைக் காப்பாத்த வந்திருக்கே, புரியுது. வெளியே போ."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மேடை கோணல் என்று நிரூபிக்க வேண்டுமானால் மற்ற முப்பத்தொன்பது பேர் எப்படி ஆடினார்கள் என்று சொல்லியாக வேண்டும். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன்தான் சோற்றை விலக்கிக் காட்டவேண்டும். பேனா காகிதத்தில் பட்டது. என் வேலை போகும் என்று தெரிந்தது, டிப்போவில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்றும் தெரிந்தது. அக்காவின் கைகள் மடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"மத்த முப்பத்தொன்பதும் வானத்தைப் பார்க்குது சார்" என்றேன். "கேட்டவங்களுக்கெல்லாம் நான்தான் திருப்பி வச்சேன். நீங்களே போய்ப் பாருங்க."

போனார். முதல் பஸ்ஸிலேயே ஏறிப் பார்த்தார். இறங்கி வந்தவரின் கவலை என்னைப் பற்றி இல்லை, அக்காவைப் பற்றியும் இல்லை. டிப்போவில் ஆபத்து தொண்ணூற்றேழரை சதவீதம் குறைந்துவிட்டதாகத் தலைமை அலுவலகத்துக்குப் போன வாரம்தான் அறிக்கை அனுப்பியிருந்தார். வெகுநேரம் யோசித்து, எல்லோருக்கும் நல்லது என்று அவருக்குத் தோன்றிய ஒரு முடிவுக்கு வந்தார். அக்காவின் கோப்பு கிழிக்கப்பட்டது, அவள் ஸ்டியரிங் அவளுக்கே. எல்லாக் கேமராவும் சத்தமில்லாமல் மறுபடி சரிசெய்யப்படும், வேறு ஆளால். நான் இழுப்பறைச் சாவியைக் கொடுத்துவிட்டு டயர் பிரிவுக்குப் போகவேண்டும். அறிக்கை மட்டும் அப்படியே இருக்கும்.

வேலையாவது மிஞ்சியதே என்று ஒரு தியாகிக்கு உரிய முகத்தோடு வராந்தாவுக்கு வந்தேன். அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நன்றி சொல்வாள், கொஞ்சம் அழுவாள், பரவாயில்லைக்கா என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லவேண்டும் என்று வார்த்தையைக்கூடத் தயார் செய்திருந்தேன்.

"கேட்டவங்களுக்கெல்லாம் செஞ்சியா?"

"ஆமாக்கா."

"அந்த ரெண்டு பேர், அன்னைக்கு டீ குடிச்சிட்டு இருந்தவங்க. அவங்களுக்கும்?"

தலையை ஆட்டினேன். அவள் குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நல்ல பேர் எடுக்கறதுக்கு உனக்கு நான்தான் கிடைச்சேனாடா?"

அவளுக்குப் பதினொன்றே காலுக்கு பஸ் எடுக்கவேண்டும், எழுந்து போய்விட்டாள்.

ஒரு வாரம் கழித்துப் பதினேழாம் எண் பஸ் முன் டயர் மாற்றுவதற்காக என்னிடம் வந்தது. அக்கா இறங்கி ஓரமாக நின்றாள். மச்சான் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன், இருக்கிறார் என்றாள். டயரை மாற்றி, பத்து நட்டையும் பல்லைக் கடித்து இறுக்கி, முடிந்தது என்றேன். அவள் என் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டு குனிந்து, பத்து நட்டையும் ஒவ்வொன்றாகத் தானே மறுபடி இறுக்கிப் பார்த்தாள். அதன் பிறகுதான் ஏறி வண்டியை எடுத்தாள்.