ஏழாம் எண் டப்பா

எனக்குச் சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற மேசையில் நிற்கிறேன். முதல் தரம் என்று எவன் எழுதி அனுப்பினாலும் நம்பக்கூடாது. விரலால் தடவி, மூக்கருகே பிடித்து, எங்கே தழும்பு, எங்கே உண்ணி கடித்த இடம், எதைச் சாயம் பூசி மறைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆறு வருஷமாக இதே பிழைப்பு. வீட்டில் பால்காரரைக்கூட நான் நம்புவதில்லை. "பூங்குழலியக் கட்டிக்கப் போறவன் பாவம்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

வேலை போக மிச்ச நேரத்தில் ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறேன். சீனிவாசன் சார்தான் எங்கள் கோச். பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய கிளப்பில் பன்னிரண்டு பேர். அதில் பெண்கள் இரண்டே பேர், நானும் மெஹக்கும். மாநிலப் போட்டிக்கு எங்கள் கிளப்பிலிருந்து ஒரே ஒரு பெண்தான் போக முடியும். ஏலகிரி மலையைக் குறைந்த நேரத்தில் ஏறுகிறவளுக்கு அந்த இடம். மாநிலத்தில் முதல் மூன்றுக்குள் வந்தால் ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம். அதற்கு இருபத்தைந்து வயசுக்குள் இருக்க வேண்டும். எனக்கு ஜனவரியில் இருபத்தைந்து முடிகிறது. மெஹக்குக்கு இருபத்திரண்டுதான். அவளுக்கு இன்னும் வருஷம் இருக்கிறது, எனக்கு இதுவே கடைசி. இதை நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் போனது.

அந்த ஆகஸ்டில் வேலூரிலிருந்து ஷோபனா மேடம் வந்தார். சாப்பாடு, சத்து பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். குடலில் நல்ல கிருமி பெருகினால் சைக்கிள்காரர்களுக்குத் தெம்பு கூடுமா என்று எங்களை வைத்துப் பார்க்க வேண்டுமாம். ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். எட்டு வாரம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒரு கேப்ஸ்யூல். பாதிப் பேருக்கு உயிருள்ள கிருமி, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்பது அவருக்கே தெரியாது, எண்தான் உண்டு என்றார். ஆரம்பத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை மலம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றதும் பையன்கள் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள்.

"இதுல எவனாவது ஏமாத்தினா, போட்டிக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். சொல்ட்டேன்" என்றார் சார். எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். எனக்கு நாலாம் எண் டப்பா. மெஹக்குக்கு ஏழு.

மூன்றாவது வாரம் மெஹக் என்னைத் தாண்டினாள். அதுவரை ஏற்றத்தில் என் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவள், சாவகாசமாகப் பக்கத்தில் வந்து, "அக்கா, தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மூச்சு வாங்குகிறது, இவளுக்குத் தண்ணீர் கேட்க மூச்சு மிச்சம் இருக்கிறது! எரிச்சல் எரிச்சலாக வந்தது.

அதிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவளும் என் கம்பெனியில்தான், தையல் பிரிவில். மதியம் நான் சாப்பாட்டு மேசையிலேயே மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வேன். இவளோ டப்பாவை எடுத்துக்கொண்டு கை கழுவுகிற இடத்துக்குப் போவாள். திரும்பி வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். வாணியம்பாடியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தவள், இந்த டப்பா வந்ததிலிருந்தே பஸ்ஸையும் விட்டுவிட்டுச் சைக்கிளிலேயே வேலைக்கு வந்தாள். என் மூஞ்சியைப் பார்க்கப் பயந்துகொண்டுதான் என்று முடிவு கட்டினேன். தன் டப்பாவில் இருப்பது இன்னதென்று இவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதான் ஒளிக்கிறாள்.

ஐந்தாவது வாரம் ஒரு மதியம், தையல் பிரிவுக்கு அவசர ஆர்டர் என்று அவளைச் சீக்கிரம் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் பை பெஞ்சில் கிடந்தது. என் டப்பாவிலிருந்து ஒரு கேப்ஸ்யூலை உடைத்தேன். வெள்ளைப் பொடி, ஒரு வாசனையும் இல்லை. அவளுடையதை உடைத்தேன். அதே வெள்ளை, அதே நைஸ். வேறு யாராக இருந்தாலும் இரண்டும் ஒன்று என்றுதான் சொல்லியிருப்பார்கள். என் மூக்கு அப்படிச் சொல்லவில்லை. ஏழாம் எண் பொடியில் மெல்லிய புளிப்பு இருந்தது. ஊற வைத்த தோலில் கிருமி வேலை செய்ய ஆரம்பித்ததும் வருகிற முதல் வாசனை அது, எனக்குத் தெரியாதா? அசல் அவளிடம் இருக்கிறது. எட்டு வாரமும் நான் மாவு தின்ன வேண்டியதுதான்.

யோசிக்கவே இல்லை. அவள் டப்பாவில் இருந்ததை என் டப்பாவிலும், என்னுடையதை அவள் டப்பாவிலும் கொட்டி மூடிவிட்டேன். திருட்டு இல்லை, இரண்டு பேருக்கும் சமமாகப் பாதிப் பாதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரம் கால் லேசாகிவிட்டதைப் போலத்தான் இருந்தது. வயிறு லேசு, மூச்சு லேசு. மெஹக்கைப் பார்த்தால் மட்டும் பாரம். வழக்கம்போல டப்பாவோடு எழுந்து போவாள். போடி, போய் மாவைத் தின்னு என்று நினைத்துக்கொள்வேன்.

ஏலகிரித் தேர்வு நாளன்று என் வாழ்க்கையிலேயே நல்ல நேரத்தில் ஏறினேன். பழைய நேரத்தைவிடப் பதினோரு நொடி கம்மி. மேலே போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். மெஹக் என்னைவிடப் பத்தொன்பது நொடி முன்னால் ஏறியிருந்தாள். நான் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். அவள்தான் முதுகைத் தடவிக் கொடுத்தாள், அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

பத்து நாள் கழித்து ஷோபனா மேடம் எங்கள் இரண்டு பேரை மட்டும் கிளப்புக்கு வரச் சொன்னார். சாரும் இருந்தார். மேடம் கையில் பேப்பர்.

"ஏழாம் எண் மெஹக். அசல் மருந்து. ஆனா பரிசோதனையில அந்தக் கிருமி சுத்தமா இல்ல. நாலாம் எண் பூங்குழலி. வெறும் மாவு. இவங்ககிட்ட கிருமி ஏராளமா இருக்கு. எங்க தப்பு நடந்துச்சுன்னு புரியல."

நான் வாயைத் திறக்குமுன் மெஹக் எழுந்துவிட்டாள்.

"மேடம், நான் சாப்பிடவே இல்ல. ஒண்ணுகூட. தினம் ஒண்ணா வாஷ் பேசின்ல போட்டுட்டேன்."

"ஏம்மா?"

"எங்க மாமு தோல் சீவலை லாரியில ஏத்திட்டுப் போறாரு மேடம். அந்தச் சீவல்ல இருந்துதான் இந்தக் கேப்ஸ்யூல் ஓடு பண்றாங்க. எந்த மிருகம், ஹலாலா அறுத்ததான்னு தெரியாம நான் எப்படி முழுங்குவேன்? சொன்னா ஆள் கம்மியாயிடும், உங்க ஆராய்ச்சி நின்னுடும்னு பேஜாரா இருந்துச்சு. அதான் சொல்லல. தப்புதான்."

"அப்புறம் எப்படிம்மா அவ்ளோ வேகம்?" மேடத்துக்குத் தாங்கவில்லை.

"தினம் வாணியம்பாடில இருந்து சைக்கிள்ல வர்றேன் மேடம். போக வர முப்பத்தஞ்சு கிலோமீட்டர் ஆவுது. அக்காவுக்குக்கூடத் தெரியுமே."

தெரியும். எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது.

சார் மேசையைத் தட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டு ரெண்டு மாசம் ஏமாத்தியிருக்க. இன்னா தைரியம்! உனக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். பூங்குழலி போறா."

"சார், இவங்க வயித்துல எப்படி வந்துச்சுன்னு…" மேடம் இழுத்தார்.

"வூட்டுல தயிர் ஜாஸ்தி சாப்ட்ருப்பா. விடுங்க மேடம்."

அவ்வளவுதான். இடம் என் கைக்கு வந்துவிட்டது. ரயில்வே மனு, ஜனவரி, எல்லாம். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சும்மா இருப்பது.

மெஹக் என் பக்கம் திரும்பினாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தாள். "நீ போய்ட்டு வாக்கா. உனக்குத்தான் வயசு தாண்டுது. நானே சார்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

அடிப்பாவி. திட்டியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன்.

"தயிரும் இல்ல, மோரும் இல்ல சார்" என்றேன். குரல் கத்தலாகத்தான் வந்தது. "இவ டப்பாவத் தொறந்து நான்தான் மாத்தினேன். மூணு வாரம் இவளோடதத்தான் தின்னேன். தின்னும் தோத்தேன், போதுமா?"

சார் பேனாவை எடுத்து, போட்டிக்கான தாளில் மெஹக்கின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். "இவ மருந்தையும் தொடல, அடுத்தவ பொருளையும் தொடல. சொந்தக் கால்ல ஏறினவ. இவதான் போறா" என்றார். ஷோபனா மேடம் எங்கள் இரண்டு எண்களையும் பேப்பரில் அடித்துவிட்டு மூடி வைத்தார்.

வெளியே மெஹக் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டிருந்தாள். கத்துவாள், அறைவாள் என்று நின்றேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"தினம் தூக்கித்தானே போட்டுட்டு இருந்தேன். கேட்டிருந்தா டப்பாவோட குடுத்திருப்பேனேக்கா" என்றாள்.