பிளக்கில் வெள்ளிப் பொட்டு

ஒஹாயோ பந்தயத் திடலில், ஓடி முடித்த தன் காரிலிருந்து ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ராய்ஸிடம் நீட்டினான் லோனி. பிளக்கைப் பார்த்தே இன்ஜினின் நிலையைச் சொல்லிவிடுவான் ராய்ஸ். வார்ப்பட ஆலையில் இருவருக்கும் ஒரே ஷிப்ட். வீட்டுக் கொட்டகையில், வேகம் கூட்டும் டர்போ பூட்டிய லோனியின் கார் மூன்று சனிக்கிழமையாக ராய்ஸின் காரைத் தோற்கடித்திருந்தது. ராய்ஸுக்கு வயிறு எரிந்தது.

பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பொடிப்பொடியாக வெள்ளிப் பொட்டுகள். இன்ஜினுக்குள் அலுமினியப் பிஸ்டன் உருகித் தெறிக்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு ஓட்டம் தாங்காது.

"எப்படி இருக்கு மாப்ள?"

"அருமைடா. டர்போ அழுத்தத்த இன்னும் கொஞ்சம் ஏத்து."

லோனி ஏற்றினான். பிறகு ஹெல்மெட்டை ராய்ஸின் கையில் திணித்தான்.

"இந்தத் தடவ நீ ஓட்டு. என் வண்டிய நீ பாக்குற பார்வை எனக்குத் தெரியாதா?"

ராய்ஸ் ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

"இன்ஜினப் பிரிச்சுப் பாருடா. பிஸ்டன் போச்சு."

"எப்பத் தெரிஞ்சுது?"

"பிளக்கக் கையில வாங்குனப்பவே."