முனியாண்டி மூலை

பழனியாண்டியைக் கங்காணி ஆக்கியது ஒரு வண்டு. கொத்மலைப் பக்கத்து அந்தத் தோட்டத்தில், கடுகளவு கறுப்பு வண்டு தேயிலைக் கிளைகளைத் துளைத்துத் துளைத்து வைத்திருந்தது. கொழுந்தெடுக்கும் பெண் கொஞ்சம் அழுத்திச் சாய்ந்தால் போதும், கிளை முறிந்து கையோடு வந்துவிடும். ஐம்பதுகளின் கடைசியில் அதற்கென்று புது மருந்து வந்தது. முதுகில் பம்பைக் கட்டி மருந்தடிக்க ஒரு கூட்டம் ஆள், கூட்டத்துக்கு ஒரு தலை. அந்தத் தலையாகப் பழனியாண்டியைத் தோட்டத்துத் துரை பொறுக்கி எடுத்தார். அதுவரை மண்வெட்டி பிடித்த கைக்குப் பிரம்பு வந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் 'மருந்துக் கங்காணி' என்று கூப்பிட்டால் மனுசனுக்குத் தேன் குடித்த மாதிரி. மறுபடி மண்வெட்டி தூக்க நேருமோ என்று நினைத்தாலே பிரம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

ஏழாம் நம்பர் மலையின் கீழ்க்கோடியில், வாகை மரத்தடியில் முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், அவ்வளவுதான். புதுக் கொழுந்து தழைக்கச் செடிகளைக் கவ்வாத்து வெட்டத் தொடங்கும் அன்று ஆண்கள் கத்திகளை அங்கே அடுக்கிக் கற்பூரம் காட்டுவார்கள். அந்தக் கல்லைச் சுற்றி நின்ற செடிகளுக்கு மருந்தடிக்கப் பழனியாண்டிக்குக் கை வரவில்லை.

"முனி மூஞ்சியில வெஷத்தத் துப்புனா நம்ம பொழப்பு வெளங்குமாங்க?" என்று அவன் மனைவி காளியாயி வேறு முதல் நாளே பயமுறுத்தியிருந்தாள். அவன் அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு, "மலை பூராவும் அடிச்சாச்சுங்க" என்று துரையிடம் சொல்லிவிட்டான். வண்டு குறைந்தது. துரைக்கு மகிழ்ச்சி, கங்காணிக்கு அதைவிட மகிழ்ச்சி.

அடுத்த வருடம் பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இலைசுருட்டிப் புழு வந்தது. புதிதாக வந்த புழு அல்ல. அங்கொன்று இங்கொன்றாக எப்போதும் இருந்ததுதான். தளிர் இலையை நூலால் சுருட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து தின்னும். இப்போது மலை முழுக்கச் சுருட்டிவிட்டது. பெண்கள் அந்தியில் அரைக் கூடையோடு நிறுவைக்கு வந்து நின்றார்கள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி. காளியாயிக்கும் அரைப்பேர்தான், கங்காணி பெண்டாட்டி என்று தராசு இரக்கப்படவில்லை.

ஒருநாள் அவள் மடியில் எதையோ பொத்திக் கொண்டுவந்தாள்.

"முனி மூலையில மட்டும் கொழுந்து பச்சப்பசேல்னு நிக்குதுங்க. அங்க சுருண்டு கெடக்குற இலை ஒண்ணு ரெண்டப் பிரிச்சா, உள்ள புழு செத்துக் கெடக்கு. பக்கத்துல இந்தா பாருங்க, குருணை அரிசியாட்டம் ஒரு கொத்து. முனியாண்டி அரிசி போட்டுருக்காரு!"

செய்தி லயம் முழுக்கப் பரவிற்று. முனி அரிசியைப் பார்க்கப் பெண்கள் போனார்கள், கும்பிட்டார்கள். அங்கே மெலிந்த பழுப்புக் குளவிகள் சில இலைக்கு இலை தாவிக்கொண்டிருந்தன. குளவியை யார் கும்பிடுவார்கள்?

செய்தி துரை காதுக்கும் போயிற்று. அவர் வந்து அந்தச் செடிகளைப் புரட்டிப் பார்த்தார். வெள்ளைக்காரர் என்றாலும் தோட்டத்துத் தமிழ் பேசுவார்.

"கங்காணி, இந்த எடம் என்னா செஞ்சே? புழு இல்லே!"

உண்மை பழனியாண்டியின் நாக்கு நுனியில்தான் இருந்தது. 'ஒண்ணும் செய்யலீங்க' என்றால் முடிந்தது. ஆனால் போன வருடம் சொன்ன பொய் அப்புறம் என்னவாகும்? பிரம்பு என்னவாகும்?

"இங்கிட்டு மட்டும் டபுளா அடிச்சேனுங்க தொரை" என்றான்.

துரை அவன் தோளில் தட்டினார். "நல்ல வேலை! நாளைக்கி மலை பூரா டபுள்."

அன்றிரவு காளியாயி விடவில்லை. "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கெடைக்காதும்பாங்க. தொரைகிட்ட உள்ளதச் சொல்லிருங்க."

"சொன்னா பெரம்பு போயிரும்டி."

"போனா போகட்டும். எனக்கு முழுப்பேர் வேணும்."

அவன் விளக்கை ஊதி அணைத்தான். மறுநாள் மருந்தோடு மலைக்குப் போனபோது துரை அவனுக்கு முன்பே வாகை மரத்தடியில் வந்து நின்றார். நல்ல விளைச்சல் கண்ட இடம், இங்கிருந்தே தொடங்கு என்றார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போலாயிற்று. பழனியாண்டி கல்லைப் பார்த்தான், துரையைப் பார்த்தான், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மன்னிச்சுக்க சாமி" என்று முணுமுணுத்தபடி பம்பைத் தன் கையாலேயே திறந்தான். அவனுக்கு அழுகை வந்தது. மருந்து நெடி என்று துடைத்துக்கொண்டான்.

புழு போகவில்லை. சில வாரங்களில் முனியாண்டி மூலையும் சுருண்டுவிட்டது. முனி கோவித்துக்கொண்டு போய்விட்டார் என்றது லயம். பழனியாண்டி ஒரு சேவலை நேர்ந்து அறுத்தான். சேவல் போனது, புழு இருந்தது.

கடைசியில் துரை சொல்லி அனுப்பி, தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கணேசமூர்த்தி என்ற ஆராய்ச்சிக்காரர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர். மலையைச் சுற்றி வந்து, வாகை மர நிழலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினார். உள்ளே குருணை அரிசி போல ஒரு கொத்து. பழனியாண்டியின் கண் முனிக் கல்லுக்குப் போயிற்று.

"இது குளவிக் கூடு, கங்காணி. குளவி புழுவுக்குள்ள முட்டை வைக்கும். குஞ்சுகள் புழுவைத் தின்டு வளர்ந்து, வெளியில வந்து இப்பிடிக் கூடு கட்டும். இவ்வளவு காலமும் புழுவைப் பெருக விடாமல் வச்சிருந்தது இந்தக் குளவிதான். வண்டுக்கு அடிச்ச மருந்து குளவியையும் சாகடிச்சுப் போட்டுது. புழு இலைச்சுருளுக்குள்ள பத்திரமா இருந்திட்டுது. தின்ன ஆளில்லாட்டி அது பெருகும்தானே?"

"அப்ப இன்னும் மருந்து அடிச்சா?" என்றார் துரை.

"இன்னும் பெருகும்." கணேசமூர்த்தி எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "மருந்து படாத இடம் இந்தத் தோட்டத்தில எங்கையாவது இருக்கோ? ஒரு பாய் அளவு இருந்தாலும் போதும். அங்க குளவி தங்கியிருக்கும். பிடிச்சு வளர்த்து மலை முழுக்க விடலாம்."

துரை பெருமையாகத் தலையாட்டினார். "இல்லே. கங்காணி ஒரு செடி விடல்லே."

மேல் வரிசையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த காளியாயியின் கை நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள்.

"இருந்துச்சுங்க" என்றான் பழனியாண்டி. "நீங்க உக்காந்திருந்த எடந்தாங்க. நான் மொதல்ல அங்க அடிக்கவே இல்ல. டபுள்னு சொன்னது பொய்ங்க. போன மாசந்தான் அடிச்சேன்."

கணேசமூர்த்தி குழாயை மெல்லப் பைக்குள் வைத்தார். துரை கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று பழனியாண்டிக்கு விளங்கிற்று, பிரம்பைக் கொடுத்தான்.

காளியாயிக்கு அன்றைக்கும் அரைப்பேர்தான்.