ஐபிஸுக்கு நின்ற கார்

டெஸ்மன்டின் வேலை, தானாக ஓடும் காரின் ஓட்டுநர் சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பது. அவர் ஸ்டியரிங்கையோ பிரேக்கையோ தொட்டால் அது காரின் குறையாகப் பதிவாகும். அன்று அரசு அதிகாரி கல்யாணி சோதனைக்காகப் பின்சீட்டில் இருந்தார்.

ஹோம்புஷ் என்ற புறநகரில், நீண்டு வளைந்த அலகுள்ள ஓர் ஐபிஸ் பறவை நடுரோட்டில் நின்று, சிந்திக் கிடந்த சிப்ஸைக் கொத்தியது. கார் மரியாதையாக நின்றுவிட்டது. ஆறு நிமிடம் போனது. பின்னால் ஹார்ன்கள் அலறின.

"நீங்களே ஓட்டலாமே?" என்றார் கல்யாணி.

"ஓட்டலாம் மேடம். ஆனா நீங்கள் அதைக் குறையெண்டு எழுதுவீங்கள்."

"ஆமா, எழுதித்தான் ஆகணும்."

டெஸ்மன்ட் கைகளை மடியிலேயே வைத்திருந்தார். பொறுமையிழந்த கல்யாணி இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஃபைலை ஆட்டிப் பறவையை விரட்டினார். வழி கிடைத்ததும் கார் அவரை ரோட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியது. டெஸ்மன்ட் பதறிப்போய் பிரேக்கை மிதித்தார்.

கல்யாணி மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினார்.

"உங்களுக்காகப் பிரேக்கைத் தொட்டிட்டன். இதையும் குறையெண்டு எழுதுங்கோ மேடம்," என்றார் டெஸ்மன்ட், சிரிப்பை அடக்கிக்கொண்டு.