ஃபர்காட்

டைப்பிஸ்டின் மாற்றல் மனு என்னவாயிற்று என்று கேட்டதற்கு சூப்பிரண்டு மூன்றாவது முறையாக "ஃபர்காட்" என்று சொன்ன செவ்வாய்க்கிழமை, பதினொன்றே கால் மணிக்கு, அவளுடைய நிழல் காணாமல் போனது. அலுவலகத்தில் யாரும் பதறவில்லை. முன்பு கழிப்பறைக் கதவைச் சரிசெய்யக் கேட்டபோதும் அவர் அதையேதான் சொன்னார், கதவு போனது. மேற்குச் சன்னலும் அப்படியே போய், அந்த இடத்தில் இப்போது சுவர் இருந்தது.

மறந்துவிட்டேன் என்று தமிழில் சொன்னால் தலையைச் சொறிய வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். இங்கிலீஷில் சொன்னால் பல்லைக் காட்டினால் போதும். அந்த ஆள் எதையும் மறந்தவர் இல்லை. யார் எந்த வருஷம் எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தார்கள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். பியூன் ஒருநாள் நிஜமாகவே சாவியை மறந்துவிட்டு அதே சொல்லைச் சொன்னார்; சாவி வீட்டில் பத்திரமாக இருந்தது. ஞாபகம் வைத்துக்கொண்டே சொல்பவர் வாயில்தான் அது வேலை செய்யும் என்று அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

மனு நாலு வருஷப் பழசு. சூப்பிரண்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்த ஃபைலில்தான் அது எப்போதும் இருந்தது. டைப்பிஸ்டின் மகள் வேறு ஊரில் சித்தி வீட்டில் வளர்ந்தாள். விட்டு வந்தபோது தவழ்ந்த குழந்தை, இப்போது பள்ளிக்குப் போகிறது. மனு போகவில்லை, போட்டவள்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாள். முதல் ஃபர்காட்டில் டைப்பிஸ்டின் நாற்காலி போனது, இரண்டாவதில் வருகைப் பதிவேட்டில் இருந்த பெயர், மூன்றாவதில் நிழல். அடுத்தது ஆள்தான். அவள் நின்றுகொண்டே தட்டச்சு செய்தாள்.

ஆய்வுக்கு வந்த மேலதிகாரி அவளிடம்தான் கேட்டார். "சூப்பிரண்டு யாரும்மா?"

சூப்பிரண்டு ஃபைலோடு அவள் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் காதில் முளைத்திருந்த முடி வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. பல்லைக் காட்டினாள்.

"ஃபர்காட், சார்."

ஃபைல் தரையில் விழுந்தது. மேலாக வந்து கிடந்த மனுவை அதிகாரி எடுத்துப் படித்து, அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மறுவாரம் சூப்பிரண்டின் மனைவி வந்து டிபன் கேரியரைக் கேட்டு வாங்கிப் போனார், வேறெதையும் விசாரிக்கவில்லை. டைப்பிஸ்டுக்கும் ஒரு பொட்டு வருத்தம் இல்லை. ஊர் போய்ச் சேர்ந்தாள். நிழல் திரும்பவில்லை. பள்ளிக்குக் கூட்டிப் போகும் வழியில் மகள் தரையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"என்னுதுலயே வாம்மா," என்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.