பானை வினா

ஐயப்பன் துணியைப் பிடித்து மீன்குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினான். ருசி பார்க்கப் போகிறான் என்றுதான் கார்மேகம் நினைத்தார். அவனோ சட்டியை அறைக்கு வெளியே, செருப்புகள் கிடக்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்தான்.

"கார்மேகம், இனிமே நீ இங்க சமைக்க வேணாம்."

நேற்றுவரை அவன் வாயில் 'அண்ணே' இருந்தது. இவரைவிடப் பதினைந்து வயது இளையவன். முந்தின நாள் ஊருக்குப் போன் போட்டு, புளியங்குளத்துக் கார்மேகம் ஊருக்குள்ளா, கிழக்கே காலனியா என்று விசாரித்திருந்தான். காலனி என்று பதில் வந்ததும் அண்ணன் காணாமல் போனார்.

"பத்தொம்பது நாளா தின்னீகளேப்பா. நீதான் தெனமும் ரெண்டாந்தரம் வாங்கித் தின்ன. அப்பல்லாம் தொண்டையில எறங்குச்சா?"

மற்ற நான்கு பேரும் தலை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகத்துச் செய்தியெல்லாம் அந்த நிமிஷத்தில்தான் வந்து குவிந்தது போலும்.

ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் கேம்ப் அது. தமிழர்கள் மட்டும் ஐம்பத்து நான்கு பேர். ஆறு மாதம் முன்புவரை அவர்களுக்குள் இரண்டு மெஸ். ஏன் இரண்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் 'டேஸ்ட் வேற சார்' என்பார்கள். ஒருநாள் தண்ணீர்க் கேனை யார் தொட்டது என்று ஆரம்பித்த பேச்சு ஒருவனின் மண்டை உடைவதில் முடிந்தது. கேம்ப் மேனேஜர் மீர்கோவுக்குக் கோபம் வந்தது.

மீர்கோ செர்பியாக்காரர். அவர் ஆபீஸ் சுவரில் ஒரு பழைய வரைபடம் தொங்கும். இரண்டு உலகப்போருக்கும் நடுவில் அவர் தேசத்து ராஜா ஒருவர், ஜனங்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வதைப் பொறுக்காமல், பழைய நாட்டுப் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டு, ராஜ்யத்தை ஒன்பது மாகாணமாக வெட்டினாராம். பெரும்பாலும் ஆறுகளின் பெயரையே சூட்டினாராம். ஆற்றுக்கு இனமும் இல்லை, மதமும் இல்லை அல்லவா? அப்படி வெட்டிய ஒவ்வொரு மாகாணத்துக்கும் அவர் மொழியில் பானோவினா என்று பெயர். மீர்கோ அதே கணக்கில் ஐம்பத்து நான்கு பேரையும் கம்பெனி நம்பர் வரிசைப்படி ஒன்பது அறைகளில் போட்டார். அறைக்கு ஆறு பேர், ஒரே அடுப்பு. ஆபீஸ் கிளார்க் அருள்ராஜிடம் ஒன்பது ஆறுகளின் பெயர் கேட்டு வாங்கிக் கதவில் ஒட்டினார். வைகை, காவேரி, பாலாறு, நொய்யல் என்று போய், கக்கூஸை ஒட்டிய கடைசி அறைக்குக் குண்டாறு.

"என்னமோ பானை வினாவாம்ல?" என்று எவனோ கேட்டான். அறைகளுக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. யார் பானையில் யார் சாப்பிடுவது என்பதுதானே அங்கே எல்லாருக்கும் இருந்த வினா!

ஒரு மாதத்தில் விடையும் வந்தது. கதவு லிஸ்டில் ஒரு பெயர், கட்டிலில் வேறு ஆள். ஒவ்வொருவனாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு 'நம்ம ஆளுக' இருக்கும் அறைக்கு மாறினான். காலனிக்காரர்கள் அத்தனை பேரும் கடைசி அறைக்குத் தள்ளப்பட்டார்கள். அதற்குப் பிறகு சூளைப் பக்கம் புதிதாக வருகிறவனிடம் ஊரைக் கேட்பதில்லை. "நீ என்ன ஆறு?" என்று கேட்டால் போதும். குண்டாறு என்று சொன்னால் தண்ணீர் பாட்டில் கை மாறாது.

வந்த புதிதில் கார்மேகத்துக்கு இதெல்லாம் தெரியாது. மூடிவிட்ட அஜ்மான் கேம்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். வைகையில் ஒரு கட்டில் காலியாக இருந்தது, அதில் படுத்தார், அடுப்பைப் பற்றவைத்தார். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக, ஊருக்குள் இருக்கும் சாதிக்காரர்கள் அவர் கரண்டிக்குத் தட்டை நீட்டினார்கள். அந்தப் பத்தொன்பது நாளும் அவருக்கு எத்தனை சந்தோஷமாக இருந்தது என்பதை மனைவி வீரம்மாளிடம்கூட அவர் சொல்லவில்லை. சொன்னால் கண் பட்டுவிடும் என்று ஒரு பயம்.

மறுநாள் டியூட்டி முடிந்து வந்தவரிடம் அருள்ராஜ் ஒரு பாரத்தை நீட்டினான். அறை மாற்ற விண்ணப்பம். மற்றவர்கள் பேப்பர் இல்லாமல் மாறிவிட்டார்கள். குண்டாறுக்குப் போ என்று ஐயப்பன் சொல்லியும் மாற மாட்டேன் என்ற ஒரே ஆளுக்குத்தான் பேப்பர்.

"ஒரு கையெழுத்துண்ணே. எனக்கு இந்த வித்தியாசமெல்லாம் கெடையாது, நான் எங்க வேணாலும் சாப்பிடுவேன். ஆனா எதுக்கு வம்பு? அங்க உங்க ஆளுங்களோட நிம்மதியா இருக்கலாம்ல?"

"அப்ப நீ இன்னிக்கு எங்கூட சாப்பிடு தம்பி."

"இன்னிக்கு... வயிறு சரியில்லண்ணே."

"என்ன காரணம்னு எழுதிருக்க?"

"சொந்த விருப்பம்னு."

கார்மேகம் பாரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நேரே மீர்கோவிடம் போனார். அருள்ராஜ் பின்னாலேயே ஓடிவந்தான், மொழிபெயர்க்க.

"சார்ட்ட சொல்லு. நான் காலனிக்காரன்னு தெரிஞ்சதும் எஞ் சட்டியத் தூக்கி வெளிய வச்சுட்டாக. இதான் காரணம்."

அருள்ராஜ் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். மீர்கோ வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பேச்சில் 'ஸ்பைசி' என்ற ஒரு வார்த்தை மட்டும் கார்மேகத்துக்குப் பிடிபட்டது. காரம் அதிகம் என்று சொல்லிவிட்டான் படுபாவி! தன் அவமானம் இன்னொருவன் வாய் வழியாகத்தான் வெளியே போக வேண்டும், போகிற வழியில் அது மிளகாய்ப்பொடியாகிவிடும் என்றால் மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பையிலிருந்த பாரத்தை விரித்து, மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். 'சொந்த விருப்பம்' என்ற வார்த்தைகளை அடித்தார். பக்கத்தில் ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்து எழுதினார்: CASTE. அவருக்குப் பிழையில்லாமல் எழுத வரும் ஆங்கில வார்த்தை அது ஒன்றுதான். மகள் பானுப்பிரியாவைப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து ஒவ்வொரு பாரத்திலும் அந்த வார்த்தை போட்ட கட்டத்தைத் தேடித் தேடி நிரப்பியதில் அதன் எழுத்துகள் மனப்பாடமாகியிருந்தன.

மீர்கோ படித்தார். சிரிப்பு நின்றது. அருள்ராஜைப் பார்த்தார், அவன் தரையைப் பார்த்தான்.

"சார் சொன்ன ராஜா கதை எங் காதுக்கும் வந்துச்சு. அந்த ராஜா ஆத்துப் பேரு வச்சாரே, ஜனங்க பழச மறந்தாங்களான்னு கேளு," என்றார் கார்மேகம். "கேட்டத அப்படியே கேளு."

இந்த முறை அருள்ராஜ் அப்படியே கேட்டான். மீர்கோ வரைபடத்தைத் திரும்பிப் பார்த்தார். பன்னிரண்டு வருஷம் தாங்கியது, யாரும் மறக்கவில்லை, அப்புறம் போர் வந்தது என்றார். பிறகு கம்ப்யூட்டரில் தேடினார். அறை மாற்றத்துக்கு உடல்நலம், டியூட்டி நேரம், சொந்த விருப்பம் என்று மூன்று காரணங்கள்தான் அதில் உண்டு. நான்காவது இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மனமிரங்கி ஒரு வழி சொன்னார்: ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை காலி, கார்மேகம் தனியாக இருந்துகொள்ளட்டும்.

"சூப்பர்வைசர் மாதிரி தனி ரூமுண்ணே!" அருள்ராஜ் முகம் மலர்ந்தது. "என்ன ஆறுன்னு பேரு ஒட்டலாம்?"

பத்தாவதாக ஒரு பானை வினா! நல்ல மனுஷர் மீர்கோ, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருக்கும் கடைசியில் ஒதுக்கி வைக்கத்தான் தோன்றியது.

"எம் பேரு வைகை லிஸ்ட்ல இருக்கு. கையெழுத்துப் போட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் கார்மேகம் வந்துவிட்டார். காண்ட்ராக்ட் முடிய இன்னும் ஒரு வருஷம் எட்டு மாதம். இருக்கும்வரை அந்த அறைதான், அந்த ஐந்து முகங்கள்தான்.

அறைக்கு வந்து அரிசி களைந்தார். ஐயப்பன் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன் பொறுக்க முடியாமல் கேட்டான்.

"யாருக்கு இம்புட்டு?"

"ஆறு பேருக்கு."

"நாங்க யாரும் திங்க மாட்டோம்."

"திங்காதீக. ஆனா நான் வெலகிப் போனேன்னு எழுத விட மாட்டேன். பானை இங்கனதான் இருக்கும். வெலகிப் போறவன் வாசலத் தாண்டிப் போகட்டும்."

ஐந்து பேரும் சட்டையை மாட்டிக்கொண்டு, சாயங்காலத்திலும் தணியாத அனலில், கேட்டுக்கு வெளியே இருக்கும் ஹோட்டலுக்கு நடந்தார்கள். அங்கே சமைப்பவன் யார், எந்த ஊர், ஊருக்கு எந்தப் பக்கம் என்று அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது.