டொக் என்று ஒலித்த டாங்கி

புது ஒப்பந்தப்படி பக்கத்து நாட்டு ராணுவ அதிகாரிகள் எங்கள் முகாமுக்கு வந்து டாங்கிகளைச் சரிபார்க்கலாம். நாங்களும் அங்கே போகலாம். முதலில் அவர்கள் வந்தார்கள். மேஜர் எல்லா டாங்கிகளையும் பளபளவென்று துடைக்க வைத்தார். கோடியில் நின்றது மரத்தால் ஆனது என்பதை மட்டும் அடியோடு மறந்துபோனார். வானத்திலிருந்து படம் எடுக்கிறவர்களை ஏமாற்ற அதைச் செய்த தச்சன் நான்தான்.

வந்திருந்த அதிகாரி அம்மா ஒவ்வொரு டாங்கியையும் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். என்னுடையது டொக் என்றது. மேஜருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"இதுக்குப் பயந்துதான் நாங்க எல்லையில ரெண்டு டாங்கி கூடுதலா நிறுத்தினோம்," என்றார் அந்த அம்மா.

"மன்னிச்சுக்கோங்க மேடம். இதை இன்னைக்கே பிரிச்சுடறோம். நீங்களும் அந்த ரெண்டையும் எடுத்துடலாமே?" என்றார் மேஜர்.

அந்த அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "தாராளமா. ஆளுக்கொரு பக்கம் பிடிச்சா தூக்கிடலாம்."

மேஜருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோருக்கும் டீ வந்தது. எனக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"உங்க ஆள் எந்த மரத்துல செஞ்சாருங்க?" என்று கேட்டேன்.

"மரமா? வெறும் அட்டைதான்."

அட்டையைப் பார்த்து எங்கள் ராணுவமே தூக்கம் கெட்டுக் கிடந்ததைக்கூட மன்னித்துவிடலாம். நான் தேக்கில் இழைத்துத் தொலைத்திருக்கிறேனே, அதை யாரிடம் போய்ச் சொல்ல?